பெல்ஃபாஸ்ட் கறுப்பு டாக்சி சுற்றுலா: அப்பாவோடு போய் வந்த கதை

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். போகலாம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது ஹீட்டருக்காக.

அப்பா விருதுநகரிலிருந்து பெல்ஃபாஸ்ட் வந்து மூன்றாவது வாரம். டைட்டானிக் அருங்காட்சியகம் பார்த்தாயிற்று. ஜயன்ட்ஸ் காஸ்வேக்குப் போய்க் காற்றில் தொப்பியைப் பறிகொடுத்தாயிற்று. ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷரை இனி எங்கே கூட்டிப்போவது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, வார்டில் என்னோடு வேலை பார்க்கும் கேரளத்துச் சேச்சிதான் கறுப்பு டாக்சி பற்றிச் சொன்னார். நான்கு வருஷமாக இங்கே நர்ஸாக இருக்கிறேன், நானே போனதில்லை. ஊர்க்காரர்கள் பெரும்பாலும் போவதில்லை, அது வெளியூர்க்காரர்களுக்கு.

நான், அப்பா, ஒன்பது வயது மகன் என மூன்று பேருக்கும் சேர்த்து 65 பவுண்டு. ஒன்றரை மணி நேரம். வீட்டு வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்வார்கள். எந்த நிறுவனம் என்று எழுதவில்லை, ஏனென்றால் குறை சொல்லப் போகிறேன். வண்டி இருபது நிமிஷம் தாமதம், ஒரு போன்கூட இல்லை. ஹீட்டர் வேலை செய்யவில்லை. நவம்பர் மாதம் பெல்ஃபாஸ்டில் ஹீட்டர் இல்லாத வண்டி என்றால் என்ன என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு, "நம்ம டிப்போ வண்டியே தேவலாம் போலயே" என்றார். அவர் முப்பத்தொரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டர்.

வண்டி லண்டன் டாக்சி மாதிரி பெரிய கறுப்பு வண்டி. டிரைவருக்கும் நமக்கும் நடுவில் கண்ணாடி. பின்சீட்டுக்கு எதிரே மடக்கு சீட் இரண்டு உண்டு, அதில் உட்கார்ந்தால் முதுகு ஊரைப் பார்க்கும், முகம் சொந்தக்காரர்களைப் பார்க்கும். மகன் அதில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து, பாதி வழியில் தலைசுற்றி இடம் மாறினான்.

இந்த வண்டிகளுக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. பெல்ஃபாஸ்ட் வட அயர்லாந்தின் தலைநகர். பிரிட்டனோடேயே இருக்க வேண்டும் என்ற புராட்டஸ்டண்ட் தரப்புக்கும், அயர்லாந்தோடு சேர வேண்டும் என்ற கத்தோலிக்கத் தரப்புக்கும் இங்கே முப்பது வருஷம் சண்டை. 1970-களில் கலவரக்காரர்கள் பஸ்களை மறித்துக் கொளுத்தி, தெருவுக்குக் குறுக்கே தடுப்பாகப் போட்டார்கள். அந்தப் பக்கமெல்லாம் பஸ் போவது நின்றுபோனது. ஜனம் வேலைக்குப் போக வேண்டுமே? லண்டனில் ஓடித் தேய்ந்த பழைய டாக்சிகளை வாங்கிவந்து நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி ஓட்டினார்கள். ஃபால்ஸ் ரோட்டில் கத்தோலிக்கர்களுக்குத் தனி, ஷங்கில் ரோட்டில் புராட்டஸ்டண்ட்டுகளுக்குத் தனி. சண்டை அடங்கி 1998-இல் ஒப்பந்தம் ஆன பிறகு, சண்டையைக் காட்டும் சுற்றுலா ஒரு தொழிலாயிற்று. பஸ்ஸைக் கொளுத்தியதால் வந்த வண்டி என்று நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை குளிரில் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்.

டிரைவர் அறுபதைத் தாண்டியவர். செல்லப் பெயர் ஒன்றை மட்டும் சொன்னார், முழுப்பெயர் சொல்லவில்லை. காரணத்தையும் அவரே சொன்னார்: "நான் கத்தோலிக்கனா, புராட்டஸ்டண்ட்டா? கடைசியில நீங்கதான் சொல்லணும். என் முழுப்பேரைச் சொன்னா ஆட்டம் இப்பவே முடிஞ்சிரும்."

இங்கே பல டிரைவர்கள் இந்த ஆட்டத்தை வைத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எல்லாப் பயணிகளிடமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வசனம்தான். ஆனால் எங்கள் மூவரிடமும் அது வேலை செய்தது, காரணம் எங்களுக்கு இந்த ஆட்டம் பழக்கம். பழக்கம் என்ன, பிறந்ததிலிருந்து ஆடுகிறோம். "சொந்த ஊரு எது? ஓ, அங்க எந்தத் தெரு? அப்பா என்ன பண்றாரு? இந்தக் கோயில் பக்கமா, குளத்துப் பக்கமா? உங்க வீட்டுல கவுச்சி உண்டா?" இப்படி நாலு கேள்வியில் முடித்துவிடுவோம். நேரடியாகச் சாதியைக் கேட்டால் அநாகரிகம், தெருப் பெயர் கேட்டால் விசாரிப்பு. சென்னையில் நர்சிங் படித்தபோது விடுதியில் முதல் நாள் ராத்திரியே எல்லாரும் எல்லாரையும் முடித்துவிட்டோம்.

இங்கேயும் கேள்விகள் கிட்டத்தட்ட அதேதான். எந்தப் பள்ளிக்கூடம் படித்தாய் என்று கேட்டால் பாதி விடை வந்துவிடும். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு வகைப் பள்ளி, மற்றவர்களுக்கு இன்னொரு வகை. இரண்டும் கலந்த பள்ளி முதன்முதலாக 1981-இல்தான் வந்தது, 28 பிள்ளைகளோடு. இன்றைக்கும் கலப்புப் பள்ளிகளில் படிப்பவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பேட்ரிக், ஷேமஸ் என்றால் இந்தப் பக்கம், வில்லியம் என்றால் அந்தப் பக்கம். கால்பந்தில் செல்ட்டிக் அணியா, ரேஞ்சர்ஸ் அணியா? வடமேற்கில் இருக்கும் ஊரை டெரி என்கிறாயா, லண்டன்டெரி என்கிறாயா? பெயர்ச் சோதனை எல்லா நேரமும் பலிக்காது என்றும் டிரைவர் சொன்னார். கத்தோலிக்கர்களின் பெரிய தலைவர் ஜான் ஹியூம், அது ஸ்காட்லாந்துக் குடும்பப்பெயர். புராட்டஸ்டண்ட் கட்சியிலிருந்து வட அயர்லாந்துப் பிரதமராக இருந்தவர் டெரன்ஸ் ஓ'நீல், அது அசல் ஐரிஷ் குடும்பப்பெயர்.

நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மனுஷர் கில்லாடி. அந்த ஊரின் பெயர் வந்த இடத்தில் 'ஸ்ட்ரோக் சிட்டி' என்று தாண்டிவிட்டார். இரண்டு பெயரையும் எழுதி நடுவில் ஒரு சாய்கோடு போடுவார்கள் இல்லையா, அந்தக் கோடுதான் ஊரின் பெயராம்.

ஷங்கில் பக்கம் முதலில். நடைபாதைக் கல்லுக்கெல்லாம் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரிட்டிஷ் கொடி நிறத்தில் பெயிண்ட். வீட்டுச் சுவர் முழுக்கப் படங்கள். வெள்ளைக் குதிரையில் மூன்றாம் வில்லியம் ராஜா. 1690-இல் பாய்ன் ஆற்றங்கரையில் கத்தோலிக்க ராஜாவை ஜெயித்தவர், இன்றைக்கும் ஜூலை 12 வந்தால் மேளம் கொட்டி அவருக்காக ஊர்வலம் போகிறார்கள். அப்பா அந்தப் பெயிண்ட் அடித்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பையன்கள் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள். அதைத் தடுக்கச் சொல்லி 2019-இல் பள்ளிக் கல்வித்துறை சுற்றறிக்கை விட்டது. 2024-இல் நீதிபதி சந்துரு குழுவும் அதையே மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

அதே ரோட்டில் மீன்கடை இருந்த இடம் ஒன்றைக் காட்டினார். 1993 அக்டோபர் 23, சனிக்கிழமை. கடைக்கு மேல்மாடியில் எதிர்த்தரப்பு ஆயுதக் குழு கூடியிருக்கிறது என்று நினைத்து, கத்தோலிக்கத் தரப்பு ஆயுதக் குழுவான ஐஆர்ஏவின் ஆட்கள் இரண்டு பேர் சாமான் இறக்க வந்தவர்கள் போல உள்ளே நுழைந்தார்கள். குண்டு நேரத்துக்கு முன்பே வெடித்தது. மேலே கூட்டம் எதுவும் நடக்கவில்லை. கொண்டுவந்தவர்களில் ஒருவனோடு சேர்த்துப் பத்துப் பேர் செத்தார்கள். அதில் 7 வயதுக் குழந்தை ஒன்று, 13 வயதுப் பெண் ஒன்று. சனிக்கிழமை மீன் வாங்கப் போனவர்கள். டிரைவர் இதை வண்டியில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டு, "நீங்க இறங்கிப் பார்த்துட்டு வாங்க" என்றார். நாங்கள் இறங்கி நின்றுவிட்டு வந்தோம். அவர் இறங்கவில்லை. எனக்கு அப்போது அது தோன்றவில்லை, மழை என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் சுவர். இந்தச் சுற்றுலாவுக்கு எல்லாரும் வருவதே இதைப் பார்க்கத்தான், கூப்பர் வே சுவர். 'அமைதிக் கோடு' என்று பெயர். அடியில் கான்கிரீட், அதற்கு மேல் தகரம், அதற்கும் மேல் கம்பிவலை. ஒரு தலைமுறை கட்டியது போதாமல் அடுத்த தலைமுறை ஏற்றிக் கட்டியது அப்படியே அடுக்கடுக்காகத் தெரிகிறது. 1969-இல் ராணுவம் முதலில் முள்கம்பிதான் போட்டது, தற்காலிகம் என்று சொல்லி. 2023-க்குள் எல்லாச் சுவரையும் எடுத்துவிடுவோம் என்று 2013-இல் வட அயர்லாந்து அரசு வாக்குக் கொடுத்தது. சுவர் அப்படியே இருக்கிறது. லானர்க் வே கேட்டை இப்போதும் ராத்திரியில் பூட்டுகிறார்கள். 2021 ஏப்ரலில் அந்தக் கேட்டுக்குப் பக்கத்தில் மறுபடி ஒரு பஸ்ஸைக் கொளுத்தினார்கள். அப்பா அதைக் கேட்டுவிட்டு முதலில் விசாரித்தது, "கண்டக்டருக்கு ஒண்ணும் ஆகலயே?" என்றுதான். இங்கே கண்டக்டர் கிடையாது, டிரைவர் மட்டும்தான் என்றேன். "பாவம், தனியாளு" என்றார்.

சுவரில் கையெழுத்துப் போடலாம். டிரைவர் மார்க்கர் பேனா கொடுத்தார். உலகம் முழுக்க இருந்து வந்தவர்கள் அன்பு, சமாதானம் என்று எழுதிக் குவித்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வீடுகள் இருக்கின்றன, அங்கே இருக்கிறவர்கள் நம் சமாதான வாழ்த்தைப் படிக்க முடியாது. மகன் தன் பெயரும் ஒரு டைனோசரும் போட்டான். எழுதியதற்குள் அதுவே உருப்படி. அப்பா பேனாவை வாங்கவில்லை. "உத்தப்புரத்துல இவ்வளவு உசரம் இல்ல" என்று மட்டும் சொன்னார். மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பை மறைத்துக் கட்டியிருந்த சுவரில் ஒரு பகுதியை 2008 மே மாதம் இடித்தார்கள். அப்போது அந்தப் பக்கத்து ரூட்டில் ஓடிக்கொண்டிருந்தவர் அப்பா.

கேட்டைத் தாண்டி மறுபக்கம் வந்ததும் அப்பா தெருப் பலகைகளைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். காஷ்மீர் ரோடு. லக்னோ தெரு. கான்பூர் தெரு. பம்பாய் தெரு. நான் ஏதோ வம்பு பண்ணுகிறேன் என்று நினைத்து என்னைப் பார்த்தார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் தன் கைக்கு வந்த ஊர்ப் பெயர்களையெல்லாம் இங்கே நெசவாலைத் தொழிலாளிகள் குடியிருந்த தெருக்களுக்கு வைத்துவிட்டது. அந்தப் பம்பாய் தெருவைத்தான் 1969 ஆகஸ்ட் 15 அன்று கொளுத்தினார்கள். "ஆகஸ்ட் பதினஞ்சா?" என்றார் அப்பா. ஆமாம், நமக்குக் கொடியேற்றும் நாள். திரும்பக் கட்டிய வீடுகளின் கொல்லைப்புறம் சுவரை ஒட்டி இருக்கிறது. மேலிருந்து கல்லும் பாட்டிலும் விழாமல் இருக்க, கொல்லைக்கு முழுக்கக் கம்பிக்கூண்டு போட்டிருக்கிறார்கள். கூண்டுக்குள் துணி காய்கிறது. ஒரு குழந்தையின் மஞ்சள் மழைக்கோட்டு, இரண்டு காலுறை. இந்த ஒன்றரை மணி நேரத்தில் என் மனதில் நின்றுபோன காட்சி அதுதான், எந்தச் சுவர்ப் படமும் இல்லை.

ஃபால்ஸ் ரோட்டில் பாபி சாண்ட்ஸ் படம். ஐஆர்ஏ கைதியாகச் சிறையில் 66 நாள் உண்ணாவிரதம் இருந்து 1981 மே 5 அன்று 27 வயதில் இறந்தவர். சாவதற்குச் சில வாரம் முன்பு சிறையில் இருந்தபடியே எம்.பி. தேர்தலில் ஜெயித்தவர். அவருக்குப் பிறகு அதே உண்ணாவிரதத்தில் இன்னும் ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்கள் இருந்த சிறைக் கட்டடம் ஆங்கில எழுத்து ஹெச் வடிவத்தில் இருக்கும் என்று டிரைவர் சொல்ல, அப்பா ஆர்வமாக, "ஹெச் பிளாக்?" என்றார்.

டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தார். இங்கே அந்த எழுத்துதான் பரீட்சை. 'எய்ச்' என்றால் புராட்டஸ்டண்ட், 'ஹெய்ச்' என்று மூச்சு விட்டுச் சொன்னால் கத்தோலிக்கர். "உங்க அப்பா எங்க ஊர்ல இறங்கி மூணு வாரத்துல ஒரு பக்கம் சேர்ந்துட்டார்" என்றார். மகன் உடனே, "தாத்தா, ஹெச் இல்ல, ஹெய்ச்!" என்று திருத்தினான். எங்கள் வீட்டுக்கு அருகில் இருந்த பள்ளியில் சேர்த்தோம், அது கத்தோலிக்கப் பள்ளி. அதற்கு மேல் நாங்கள் எதையும் யோசித்ததில்லை. ஆனால் பிள்ளையின் வாயில் பக்கம் ஏறியிருக்கிறது. இன்னும் பத்து வருஷம் கழித்து வேலை கேட்டுப் போகிற இடத்தில் யாரோ ஒருவர் அவன் சொல்லும் ஓர் எழுத்தைக் கேட்டுத் தலையாட்டுவார். தமிழ்நாட்டில் அவனை யாரும் இவ்வளவு சுலபமாகப் பிடிக்க முடியாது. அங்கே நாலு கேள்வி வேண்டும்.

இங்கே பழைய ஜோக் ஒன்று உண்டு. "நான் இந்து" என்று சொன்னால், "சரி, கத்தோலிக்க இந்துவா, புராட்டஸ்டண்ட் இந்துவா?" என்று கேட்பார்கள். யூதரை வைத்தும் சொல்வார்கள், முஸ்லிமை வைத்தும் சொல்வார்கள். வார்டில் பாட்டிமார்கள் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். டிரைவரும் சொன்னார், நானும் சிரித்துவைத்தேன்.

விஷயம் தெரிந்தவர் என்பதில் சந்தேகமில்லை. முப்பது வருஷச் சண்டையில் 3,500 பேருக்கு மேல் செத்தார்கள், மொத்த ஜனத்தொகையோ பதினைந்து லட்சத்துச் சொச்சம்தான் என்று கணக்காகச் சொன்னார். 1998 ஒப்பந்தத்தில் அவருக்குப் பிடித்தது ஒரே வரி: இங்கே பிறந்தவர் தன்னைப் பிரிட்டிஷ்காரர் என்றோ, ஐரிஷ்காரர் என்றோ, இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம். "நான் ரெண்டு பாஸ்போர்ட்டும் வச்சிருக்கேன், அதை வச்சுக் கண்டுபிடிக்கலாம்னு பார்க்காதீங்க" என்றார். 2021 கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணி உள்ளவர்கள் 45.7 சதவீதம், புராட்டஸ்டண்ட் பின்னணி 43.5 என்று முதல்முறையாகக் கை மாறியது. அதே கணக்கெடுப்பில், பிரிட்டிஷும் இல்லை ஐரிஷும் இல்லை, வெறும் 'வட அயர்லாந்துக்காரர்' என்று மட்டும் எழுதியவர்கள் 19.8 சதவீதம். இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவே இல்லை, அதனால் துப்பு எதுவும் கிடைக்கவில்லை.

குறை இன்னும் இரண்டு. நடுவில் நினைவுப் பொருள் கடை ஒன்றில் கால் மணி நேரம் நிறுத்துகிறார்கள். முகமூடி போட்ட துப்பாக்கிக்காரன் படம் போட்ட குளிர்பெட்டி ஒட்டுக்காந்தம் எனக்குத் தேவைப்படவில்லை. அந்த நேரத்தைப் பம்பாய் தெருவில் கொடுத்திருக்கலாம். இன்னொன்று, துப்பாக்கிப் படங்களுக்கு முன்னால் நின்று விரல் காட்டிப் படம் எடுக்கும் மற்ற பயணிகள். அது வண்டிக்காரர் குற்றம் இல்லை, எனக்கு எரிச்சல், எழுதிவிட்டேன்.

திரும்பி வரும் வழியில் அப்பா கதை சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். 1997-இல் எங்கள் பக்கத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் வந்தது. கட்டபொம்மன் படையில் இருந்து வெள்ளைக்காரனை எதிர்த்துப் போரிட்டவர். ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் என்பதால் அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் சிலர். கலவரமாயிற்று. கடைசியில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர் பெயரையும், மாவட்டங்களின் பெயர்களிலிருந்தும் சேர்த்தே, எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் ஆயிற்று. "என் வண்டியில பேரை அழிச்சு அடிச்ச பெயிண்ட் காயுறதுக்குள்ள டூட்டிக்கு எடுத்துட்டோம். சட்டையெல்லாம் பச்சை" என்றார் அப்பா. டிரைவர் கண்ணாடி வழியாக அவரை வெகுநேரம் பார்த்தார். "அந்த வண்டியில ஏறாதவங்கள்ல உங்க சொந்தக்காரங்க இருந்தாங்களா?" என்று கேட்டார். அதை நான் அப்பாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. கேட்கவில்லை என்று பாவனை பண்ணினேன்.

நாங்கள் எந்தப் பக்கம் என்று இங்கேயும் எழுதப் போவதில்லை. எழுதினால் மேலே உள்ளதையெல்லாம் திரும்பப் போய் வேறு கண்ணால் படிப்பீர்கள். இப்போதே 'டிப்போ', 'விருதுநகர்', 'கவுச்சி' என்று மூன்றையும் வைத்துக் கூட்டிக்கொண்டிருப்பீர்கள், நான் படித்தாலும் அதைத்தான் செய்வேன்.

வீட்டு வாசலில் ஆட்டம் முடிந்தது. மகன் ஒரு பக்கம் சொன்னான், நான் மறுபக்கம் சொன்னேன். ஒருவருக்கு நிச்சயம் சரி என்று சிரித்தாரே தவிர, யாருக்கு என்று சொல்லவில்லை. அப்பா வாயே திறக்கவில்லை. டிரைவர் கையைக் குலுக்கிவிட்டு உள்ளே வந்து, மப்ளரை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த மீன்கடைகிட்ட மட்டும் அவரு இறங்கல, கவனிச்சியாம்மா? வேற எல்லா இடத்துலயும் இறங்கினாரு. அங்க அவருக்கு யாரோ போயிருக்காங்க." பிறகு எந்தப் பக்கம் என்று தன் தீர்ப்பையும் சொன்னார். முப்பத்தொரு வருஷம் டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் நேரத்துக்குள் ஆளை எடைபோட்டவர் அல்லவா, சந்தேகமே இல்லாமல் சொன்னார். அங்கே இறங்காமல் இருக்க வேறு காரணமும் இருக்கலாம் என்றேன். "என்ன காரணம்?" என்றார். தங்கள் பக்கத்துக்காரன் வைத்த குண்டு என்றாலும் ஒருவருக்கு அந்த இடத்தில் காலை வைக்கக் கூசலாம் இல்லையா? அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. காபி போடச் சொன்னார்.

ராத்திரி மின்னஞ்சலில் ரசீது வந்தது. அதில் டிரைவரின் முழுப்பெயர் இருந்தது. அப்பாவுக்குக் காட்டவில்லை.

போகிறவர்களுக்கு: காலை நேரத்தில் பதிவு செய்யுங்கள், கேட்டெல்லாம் திறந்திருக்கும். தடித்த கோட்டு, காலுக்கு இரண்டு ஜோடிக் காலுறை. கடை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அந்தக் கால் மணி நேரம் மிச்சம். இதே டிரைவர் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள் என்று பெயரைப் போடத்தான் ஆசை. போட்டால், ஏறுவதற்கு முன்பே உங்களுக்கு விடை தெரிந்துவிடும்.